சுருங்கிய லிதாப்ஸுக்குத் தண்ணீர் ஊற்றலாமா? அரிய சதைப்பற்றுச் செடிகளில் அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழிமுறை

கூழாங்கல்போல் தோன்றும் ஒரு சோடித் தடித்த இலைகளே உடலாக உள்ள லிதாப்ஸ், கோனோபைட்டம், ஹாவொர்தியா ட்ரங்கேட்டா, யூபோர்பியா ஒபீசா, சூடோலிதோஸ் போன்ற அரிய சதைப்பற்றுச் செடிகளை மொட்டை மாடியிலும் பால்கனியிலும் வளர்க்கும் சேகரிப்பாளர்கள் தமிழ்நாட்டில் இன்று பலர் இருக்கிறார்கள். இந்தச் செடிகளில் பெரும்பாலானவை தென்னாப்பிரிக்காவிலும் நமீபியாவிலும் உள்ள வறண்ட சமவெளிகளைச் சேர்ந்தவை. 1811-இல் வில்லியம் பர்ச்செல் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர், தென்னாப்பிரிக்காவின் பிரீஸ்கா பகுதியில் விசித்திரமான கூழாங்கல் என்று நினைத்துத் தரையிலிருந்து எடுத்த பொருள்தான் மேற்குலகம் அறிந்த முதல் லிதாப்ஸ். அந்தச் செடி வாழும் நிலங்களில் பல இடங்களில் ஆண்டு மழை 250 மில்லிமீட்டரைத் தாண்டுவதில்லை. சென்னையிலோ வடகிழக்குப் பருவமழையின் ஒரே நல்ல நாளில் அந்த அளவில் பாதி கொட்டிவிடும்.

இச்செடிகளைக் காப்பாற்றுவதில் உள்ள உண்மையான சிக்கல், அவை நோயைத் தாமதமாகக் காட்டுகின்றன என்பதும், காட்டும்போதும் ஏறத்தாழ எல்லா நோயையும் தாகத்தின் முகத்தோடு காட்டுகின்றன என்பதும்தான். வேர் அழுகினாலும் செடி சுருங்கும். வேரில் மாவுப்பூச்சி பிடித்தாலும் சுருங்கும். ஓய்வில் இருந்தாலும் சுருங்கும். உண்மையிலேயே தண்ணீர் இல்லாவிட்டாலும் சுருங்கும். ஆகவே, எந்த அறிகுறியைக் கண்டாலும் முதலில் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, மண் ஈரமாக இருக்கிறதா, உடல் கெட்டியாக இருக்கிறதா, ஆண்டின் எந்தப் பருவத்தில் அந்தச் செடி இருக்கிறது என்பவற்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும். மேல்மண்ணைத் தொட்டு ஈரத்தை அறிய முடியாது. ஒரு மூங்கில் குச்சியைத் தொட்டியின் ஓரமாக அடிவரை செருகிப் பத்து நிமிடம் விட்டு எடுத்தால், அடியில் ஈரம் இருக்கும் இடத்தில் குச்சி நிறம் மாறிக் குளிர்ச்சியாக இருக்கும். மேலே பொரிபொரியென்று காய்ந்து கிடக்கும் தொட்டிகள் பலவற்றில் அடிப்பாதி ஈரமாகவே இருப்பதை இந்தக் குச்சி காட்டிக் கொடுக்கும்.

லிதாப்ஸின் உடல் சுருங்கி வரி விழுந்தால்

கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் செடியின் இரு பக்கங்களையும் மெதுவாகப் பிடித்துப் பாருங்கள். வரி விழுந்திருந்தும் உள்ளே கெட்டியாக இருந்தால் அவசரம் எதுவும் இல்லை. விரலுக்கு இடம் கொடுத்து, உலர்ந்த திராட்சையைப் போல நெகிழ்ந்தால், காரணத்தைத் தேட வேண்டும்.

மண் அடிவரை காய்ந்திருந்து, இரவுகள் குளிர்ந்த மாதமாகவும் இருந்தால் அது தாகம்தான். தொட்டியின் அடித்துளை வழியாக வடியும் அளவுக்கு ஒருமுறை நன்றாக ஊற்றினால், இரண்டு முதல் நான்கு நாட்களில் செடி நிமிர்ந்துவிடும். அப்படி நிமிராவிட்டால், இரண்டாவது முறை ஊற்றுவதுதான் செய்யக்கூடாத செயல்; தண்ணீரை உறிஞ்ச வேர் இல்லை என்பதையே செடி சொல்கிறது. அதேபோல, ஈர மண்ணில் நின்றுகொண்டு சுருங்கும் செடியை உடனே தொட்டியிலிருந்து எடுத்துவிட வேண்டும். அடுத்த நாள் வரை பொறுக்கலாம் என்று நினைப்பது, குறிப்பாக ஏப்ரல் முதல் ஜூன் வரை, செடியை இழப்பதற்குச் சமம்.

மூன்றாவது நிலையைத்தான் புதியவர்கள் அதிகம் தவறவிடுகிறார்கள். லிதாப்ஸ் பொதுவாக ஆண்டுக்கு ஓர் இலைச்சோடியை உருவாக்குகிறது. பழைய சோடியின் பிளவுக்குள், அதற்குக் குறுக்குத் திசையில், புதிய சோடி வளர்ந்து வரும்போது அதற்கு வேண்டிய நீரும் ஊட்டமும் பழைய இலைகளிலிருந்தே செல்கின்றன. அந்தக் காலத்தில் பழைய இலைகள் தளர்ந்து, வாடி, கடைசியில் காகிதம்போல் ஆவதுதான் இயல்பு. பிளவு சற்றே விரிந்து உள்ளே புதிய மேற்பரப்பு தெரிகிறது என்றால், வெளியிலுள்ள சுருக்கம் எவ்வளவு பரிதாபமாகத் தோன்றினாலும் தண்ணீர் கூடாது.

கோடை ஓய்வையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். இச்செடிகள் பகலில் இலைத்துளைகளை மூடிக்கொண்டு இரவில் திறந்து கரியமில வாயுவை உள்ளிழுப்பவை. சென்னையில் மே மாத இரவு வெப்பநிலை 27, 28 டிகிரிக்குக் கீழே இறங்காதபோது அவற்றால் அந்த வேலையைச் சரியாகச் செய்ய இயலாது, வளர்ச்சி நின்றுவிடும், வேரும் தண்ணீரை எடுப்பது குறைந்துவிடும். அந்நாட்களில் கெட்டியான சுருக்கத்தை அப்படியே விட்டுவிடலாம். உடல் மிகவும் நெகிழ்ந்துவிட்டால் மட்டும், தொட்டி குளிர்ந்த பிறகு, இரவு நெருங்கும் வேளையில், மேல் பகுதி மட்டும் நனையுமளவு கொஞ்சம் தண்ணீர் கொடுத்தால் போதும். கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியில், வெயில் ஏறிய நேரத்தில் ஊற்றிய தண்ணீர் வேரை வேகவைத்துவிடும்.

பக்கவாட்டில் வெடித்தால், அல்லது மூன்று அடுக்காக இலைகள் நின்றால்

இவ்விரண்டும் ஒரே தவற்றின் இரண்டு முகங்கள். உடல் கொள்ளும் அளவைவிட அதிக நீர் உள்ளே சென்றால் இலையின் பக்கம் கோடாகக் கிழியும். புண்ணில் மருந்து எதுவும் தடவாமல், நல்ல காற்றோட்டத்தில், தண்ணீரின்றி விட்டுவிட்டால் அது காய்ந்து தழும்பாகும். அடுத்த இலைச்சோடி வரும்போது தழும்புள்ள இலை தானாகவே மறைந்துவிடும். பழைய இலை புதியதற்கு நீரைக் கொடுத்துக்கொண்டிருக்கும் காலத்தில் நாம் ஊற்றினால், அது வாடாமல் தங்கி, புதிய சோடியை நெரித்து, செடி அடுக்கடுக்காக நிற்கும். பழைய இலையைக் கையால் பிய்த்தெடுக்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும், ஏனெனில் அடியில் அது தண்டோடு ஒட்டியிருக்கும் இடம் கிழிந்தால் அழுகலுக்கு வாசல் திறந்துவிடும். முழுதாகக் காய்ந்த பிறகு அது இழுக்காமலே கையோடு வரும்.

உடல் கண்ணாடிபோல் ஊடுருவித் தெரிந்து மெத்தென்று ஆனால்

இது அழுகல். நீர் கோத்த தோற்றம், நிறம் மங்குதல், தொட்டால் அமுங்குதல், சில நேரம் புளித்த வாடை ஆகிய நான்கில் இரண்டு தெரிந்தாலே போதும், முடிவெடுத்துவிடலாம். நம் வெயில் காலத்தில் அழுகல் ஒன்றிரண்டு நாட்களில் முழுச் செடியையும் தின்றுவிடும் என்பதால், பக்கத்துத் தொட்டிகளை முதலில் நகர்த்திவிட்டுப் பிறகு வேலையைத் தொடங்குங்கள்.

செடியை எடுத்து மண்ணை உதறி, சுடரில் காட்டியோ ஸ்பிரிட்டில் துடைத்தோ சுத்தம் செய்த பிளேடால் வேர்க்கழுத்திலிருந்து மெல்லிய வட்டங்களாகச் சீவிக்கொண்டே வர வேண்டும். ஒவ்வொரு சீவலுக்கும் பிளேடைத் துடைக்க வேண்டும். வெட்டுமுகத்தின் நடுவில் பழுப்புப் புள்ளியோ செம்பழுப்பு வளையமோ தெரியும்வரை நோய் உள்ளே இருக்கிறது என்று பொருள். முகம் முழுவதும் ஒரே வெளிர் நிறமாக, ஈரமாக, கெட்டியாக வரும்போது நிறுத்தலாம். வெட்டுமுகத்தில் கந்தகத் தூளைத் தொட்டு வைத்து, நிழலில், காற்று படும் இடத்தில் ஒரு வாரம் காய விட்டு, பிறகு சற்றே ஈரமான பெர்லைட் (இலேசான வெண்ணிறக் கனிமத் துகள்) மீது வைத்து வேர் பிடிக்கச் செய்யலாம். யூபோர்பியாவாக இருந்தால் வெட்டியதும் வடியும் பாலைத் தண்ணீரால் கழுவி நிறுத்திய பிறகே தூள் வைக்க வேண்டும். அந்தப் பால் கண்ணில் பட்டால் கடுமையான பாதிப்பு ஏற்படும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அந்தச் செடியை வெட்டாதீர்கள்.

லிதாப்ஸில் ஒரு வரம்பு உண்டு. தண்டுத் திசு சிறிதேனும் மிஞ்சினால்தான் வேர் வரும். தனி இலை மட்டும் பிழைத்துப் பயனில்லை. அழுகல் பிளவுவரை ஏறிவிட்டால் செடியைக் கைவிட்டு, மண்ணையும் அப்புறப்படுத்தி, தொட்டியைக் கழுவி வெயிலில் போடுவதே சரி.

மருந்தைப் பற்றி ஒரு சொல். கடைகளில் எல்லா அழுகலுக்கும் கார்பன்டசிம் கொடுக்கிறார்கள். ஃபியூசேரியம் போன்ற பூஞ்சைகளுக்கு அது உதவும். ஆனால் ஈர மண்ணில் வேரைத் தின்னும் பித்தியம் வகைக்கு அது வேலை செய்யாது, அதற்கு மெட்டலாக்ஸில் வேண்டும். எதைப் பயன்படுத்தினாலும், மண் கலவை மாறாவிட்டால் மருந்து வீண்தான். கோகோபீட் (தென்னை நார்த்தூள்) அதிகமுள்ள நர்சரி மண் நம் ஐப்பசி கார்த்திகை ஈரத்தில் காய்வதே இல்லை. பெர்லைட், சலித்துக் கழுவிய சொரசொரப்பான ஆற்றுமணல், செங்கல் பொடிக்கற்கள் போன்ற கனிமப் பொருட்கள் பத்தில் எட்டு அல்லது ஒன்பது பங்கு இருக்க வேண்டும். மீதிதான் மக்கிய இலையுரமோ மண்புழு உரமோ. எம்-சாண்டில் மாவுபோன்ற தூள் அதிகம் என்பதால், கழுவாமல் சேர்த்தால் அது சிமெண்டுபோல் இறுகிவிடும்.

செடி தொட்டியில் ஆடினால்

நன்றாக வேர் பிடித்த செடியை மேலே பிடித்து லேசாக அசைத்தால் தொட்டியும் சேர்ந்து அசையும். செடி மட்டும் ஆடினால் வேர் போய்விட்டது.

ஹாவொர்தியா ட்ரங்கேட்டாவில் இது அடிக்கடி நிகழும், பெரும்பாலும் சரிசெய்யக் கூடியது. தென்னாப்பிரிக்காவின் லிட்டில் காரூவில் இந்தச் செடி இலைநுனிகள் மட்டும் தெரியும்படி மண்ணுக்குள் புதைந்து வாழ்கிறது. அதன் சதைப்பற்றான வேர்கள் சுருங்கி உடலைக் கீழே இழுத்துக்கொள்ளும். அந்த வேர்கள் வயதானால் உதிர்ந்து, உள்ளே ஒன்றுமில்லாத கூடாக மாறிவிடும். நீண்ட வறட்சிக்குப் பின் திடீரென்று நிறையத் தண்ணீர் ஊற்றும்போது இந்தக் கூடுகள் அழுகி, நல்ல வேரையும் கெடுத்துவிடுகின்றன. செடியை எடுத்து, விரலால் நசுக்கினால் தட்டையாகிவிடும் வேர்களை எல்லாம் நீக்கிவிட்டு, கெட்டியானவற்றை மட்டும் விட்டு, சில நாள் காயவைத்து நட்டால் நிழலில் புது வேர் விடும். வேர் வரும்வரை வெயிலே கூடாது.

புதிதாக வாங்கிய செடி மாதக்கணக்கில் வேர் பிடிக்காமல் ஆடிக்கொண்டே இருந்தால், அடியைக் கவனமாகப் பாருங்கள். விதையிலிருந்து தொட்டியில் வளர்ந்த செடிக்கு மாசற்ற தோலும் ஒரே சீரான வடிவமும் மெல்லிய வேர்களும் இருக்கும். தோலில் பல ஆண்டுத் தேய்மானமும் தழும்பும், கோணலான உடலும், கட்டையாக வெட்டுண்ட தடித்த ஆணிவேரும் இருந்தால் அது காட்டிலிருந்து பிடுங்கப்பட்டதாக இருக்கக்கூடும். 2019-க்குப் பிறகு தென்னாப்பிரிக்காவின் நமக்குவாலாந்து பகுதியில் கோனோபைட்டம் வகைகள் பெருமளவில் திருடப்பட்டு வெளிநாடுகளுக்குக் கடத்தப்பட்டன. சில இனங்கள் ஒரே ஒரு குன்றில் மட்டும் வாழ்பவை. அப்படிப் பிடுங்கப்பட்ட செடி நம் வீட்டில் பிழைப்பது அரிது, அதை வாங்குவது அந்தக் குன்றை இன்னும் வெறுமையாக்கும். யூபோர்பியா ஒபீசா 1903-இல் விவரிக்கப்பட்ட சில ஆண்டுகளிலேயே சேகரிப்பாளர்களின் பேராசையால் தன் சொந்த நிலத்தில் அழியும் நிலைக்கு வந்தது. இன்று அது உலகெங்கும் எளிதாகக் கிடைப்பதற்குக் காரணம் விதையிலிருந்து வளர்த்தவர்களே. விற்பவரிடம் விதைச் செடியா என்று கேட்பதற்கு யாரும் தயங்க வேண்டியதில்லை.

வெள்ளையாக ஏதேனும் படிந்தால்

வேர்ப்பகுதியிலும் தொட்டியின் உட்சுவரிலும் பஞ்சுபோன்ற வெள்ளைத் திட்டுகள் தெரிந்தால், ஒரு பல்குத்தும் குச்சியால் தொட்டுத் தேய்த்துப் பாருங்கள். குழைந்து மெழுகுபோல் ஒட்டிக்கொண்டால் அது வேர் மாவுப்பூச்சி. உற்றுப் பார்த்தால் அரிசி நொய்யைவிடச் சிறிய உடல்கள் மெல்ல நகர்வதும் தெரியும். மணல்போல் உதிர்ந்தாலோ கரகரத்தாலோ அது ஆழ்துளைக் கிணற்று நீரின் சுண்ணாம்புப் படிவு. பெர்லைட் துகளைப் பூச்சியென்று எண்ணி மருந்து ஊற்றுபவர்களும் உண்டு என்பதால் இந்தச் சோதனையைத் தவிர்க்காதீர்கள்.

மாவுப்பூச்சி என்றால், மண் முழுவதையும் களைந்து, வேரை ஓடும் நீரில் கழுவி, இமிடாகுளோபிரிட் மருந்தை அதன் உறையில் குறித்த அளவில் கரைத்து வேரை நனைத்து எடுத்து, உலர்த்தி, புது மண்ணில் நட வேண்டும். முட்டைகள் தப்பிவிடும் என்பதால் இரண்டு, மூன்று வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை மருந்து நீர் கொடுப்பது அவசியம். ஒரே தட்டில் தண்ணீர் தேங்க நின்ற மற்றத் தொட்டிகளையும் சோதிக்க வேண்டும். பூச்சி அடித்துளை வழியாகத்தான் அடுத்த வீட்டுக்குப் போகிறது. இலையிடுக்கில் இருக்கும் மாவுப்பூச்சியை ஸ்பிரிட்டில் நனைத்த மெல்லிய தூரிகையால் ஒவ்வொன்றாகத் தொட்டு எடுக்கலாம். வேப்பெண்ணெயை நான் இந்தச் செடிகளுக்குப் பரிந்துரைப்பதில்லை. வெண்பூச்சு உள்ள இலைகளில் அது பூச்சையே கரைத்துவிடும், போய்விட்ட பூச்சு அந்த இலையில் மீண்டும் வராது. வெயில் பட்டால் எண்ணெய் படிந்த இடம் வெந்தும் போகும்.

சுண்ணாம்புப் படிவாக இருந்தால் மழைநீரைப் பிடித்து வைத்து ஊற்றுவதே தீர்வு. ஹாவொர்தியா, லிதாப்ஸ் இலைகளின் மேல்முகத்தில் உள்ள ஊடுருவும் சாளரங்கள் வழியாகத்தான் ஒளி உட்புறத் திசுவை அடைகிறது. அங்கே உப்புக்கறை படிந்தால் அழகும் கெடும், வேலையும் கெடும். ஆகவே தண்ணீரை எப்போதும் மண்ணில் ஊற்றுங்கள், தலையில் ஊற்றாதீர்கள்.

பழுப்பு நிறம் ஏறினால்

எந்தப் பக்கம் ஏறியது என்பதே விடை. வெயில் படும் பக்கத்தில் மட்டும், ஓரிரு நாட்களில், வெளிறிப் பின் பழுப்பான திட்டு வந்தால் அது வெயில் சுட்ட புண். அது ஆறாது, பரவவும் செய்யாது. கூரிய வளர்நுனிகளிலும் இளம் திசுவிலும் துரு தூவியதுபோல் நுண்புள்ளிகள் மெல்லப் பரவினால் அது சிவப்புச் சிலந்திப்பேன். இமிடாகுளோபிரிட் அதைக் கொல்லாது, நனையும் கந்தகம் கொல்லும், ஆனால் வெப்பநிலை 32 டிகிரிக்கு மேல் இருக்கும் நாளில் கந்தகம் தெளித்தால் செடியே கருகும். யூபோர்பியா ஒபீசாவில் அடியிலிருந்து மரப்பட்டைபோல் கெட்டியான பழுப்பு ஆண்டுக்கணக்கில் ஏறுவது முதுமை. ஒன்றும் செய்ய வேண்டாம். அதே பழுப்பு மெத்தென்றிருந்தால் மேலே அழுகலுக்குச் சொன்னதைச் செய்யுங்கள்.

அகலத்தைவிட உயரம் கூடினால்

ஒளி போதவில்லை. நீண்டுவிட்ட இலை குறுகாது. அடுத்த இலைச்சோடிதான் சரியான வடிவில் வரும். இரண்டு, மூன்று வாரங்களில் படிப்படியாக வெளிச்சத்தைக் கூட்டுங்கள். நம் சமவெளிக் கோடையில் 50 சதவீத நிழல்வலை இல்லாமல் இவற்றை நேர் வெயிலில் வைக்க இயலாது. மார்கழி, தை மாதங்களில் காலை வெயில் நேரடியாகவே படலாம்.

கோனோபைட்டம் காகித உறைக்குள் காய்ந்துபோனால்

அது உறங்குகிறது. குளிர்காலத்தில் வளர்ந்து கோடையில் பழைய இலையின் தோலையே போர்வையாக்கிக்கொள்ளும் செடி இது. உறையை உரிக்கக் கூடாது. மேலே விரல் வைத்தால் உள்ளே சிறு கடலைபோல் கெட்டியான உருண்டை தட்டுப்பட்டால் உயிர் இருக்கிறது. இரவுகள் குளிர்ந்த பிறகே தண்ணீர் தொடங்க வேண்டும்; அந்தக் குளிர்ச்சி ஊட்டி, கொடைக்கானல், ஏற்காடு, ஓசூர் பகுதிகளில் உரிய காலத்தில் வருகிறது, கடற்கரை ஊர்களில் மிகத் தாமதமாகவும் குறைவாகவும் வருகிறது. சென்னையிலோ தூத்துக்குடியிலோ இருப்பவர் இந்தச் செடியில் பணத்தைக் கொட்டுவதை நான் ஊக்குவிக்க மாட்டேன்.

அவர்களுக்குப் பொருத்தமானது சூடோலிதோஸ். சோமாலியாவின் வெப்பத்தில் பிறந்த இச்செடி, நம் பாறைக் காடுகளில் வளரும் கல்லுமுளையானுக்கு உறவு. இரண்டும் ஒரே குடும்பம், இரண்டின் பூக்களையும் ஈக்கள் நாடி வரும். இதற்குச் சுருங்கும் அறிகுறி கூடக் குறைவு. மாலையில் நலமாக இருந்தது மறுநாள் காலையில் அடியில் கசிந்து கிடக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்த நாட்களே இதற்கு எமன் என்பதால், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் மழை படாத கூரையடியில், மண் முற்றிலும் காய்ந்த பிறகே தண்ணீர் என்று வைத்துக்கொள்ள வேண்டும்.

விதைத்த நாற்றுகள் சாய்ந்து மறைந்தால்

லிதாப்ஸ் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் தானே காய்க்காது. ஒரே நேரத்தில் பூத்த வேறொரு செடி வேண்டும். காய்ந்த காய் தண்ணீர் பட்டால் சில நிமிடங்களில் நட்சத்திரம்போல் விரிந்து விதையை விடும். கார்த்திகைக்குப் பின் விதைத்தால் இரண்டு வாரங்களுக்குள் முளைக்கும். முளைத்தவை அடியில் மெலிந்து சாய்ந்தால் அது நாற்றழுகல். மூடியைத் திறந்து காற்றோட்டம் கொடுத்து, பாதித்த பகுதியைச் சுற்றியுள்ள மண்ணோடு கரண்டியால் அள்ளி எறிந்துவிடுங்கள். அடுத்த முறை விதைக்கும் மண்ணை ஆவியில் வேகவைத்து ஆறவிட்டுப் பயன்படுத்துங்கள். அழுகலுக்குப் பயந்து நாற்றுகளைக் காயவிடுவதும் அவற்றைக் கொல்லும். வளர்ந்த செடிக்கு மேலே சொன்ன வறட்சி விதிகள் எதுவும் முதல் ஆண்டு நாற்றுக்குப் பொருந்தாது. கடுகளவு உடலில் சேமிப்பு இல்லை என்பதால், அது முதல் இலையை மாற்றும்போதும் மேல்மண் ஓரிரு நாட்களுக்கு மேல் காயாதபடி தொட்டியின் அடியிலிருந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.